குதிருக்குள் ஒரு கியான்டி

மிலானில் வேலை பார்க்கும் மருமான் விடுப்பில் வந்தபோது ஒரு பாட்டில் கியான்டி கொண்டுவந்தான். பிரோலியோ கோட்டைத் தோட்டத்துச் சிவப்பு ஒயின். "மாமா, வெளிச்சமும் சூடும் படாமல் வையுங்கள்" என்றான். சித்திரை மாதத் தஞ்சாவூரில் அப்படியொரு இடம் நெற்குதிர்தான். நெல் கண்டு பல காலம் ஆனதால் இடமும் தாராளம். மறுநாள் மனைவி கேட்காமலேயே, "குதிருக்குள் ஒன்றுமில்லை" என்றேன். பழமொழிகளை என் போன்றவர்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

விசாரணையில் இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தேன். "யவனர் தந்த மதுவை அருந்தி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனைப் புறநானூற்றில் நக்கீரரே பாடியிருக்கிறார். 1945-இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோதும் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன."

"பாண்டியனுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததா?"

உரையாசிரியர்கள் யாரும் இதற்குக் குறிப்பு எழுதவில்லை.

அடுத்து வம்சப் பெருமையை எடுத்தேன். பிரோலியோ ரிக்காசோலி குடும்பத்தின் கைக்கு வந்தது 1141-இல். இங்கே அப்போது இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி. இன்றும் அவர்களுக்குச் சுமார் 240 ஹெக்டேர் திராட்சை, நம் கணக்கில் 90 வேலி. நாங்களும் மிராசுதான். தாத்தா நிலத்தை வேலியில் சொன்னார், அப்பா மாவில் சொன்னார், நான் குழியில் நிற்கிறேன்.

அந்த வம்சத்துப் பெத்தீனோ ரிக்காசோலி, இத்தாலியின் இரண்டாவது பிரதமர். பல்லாண்டு சோதித்துப் பார்த்து 1872-இல் ஒரு கடிதத்தில் பக்குவம் எழுதினார்: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே திராட்சை, அதன் முரட்டுத்தனம் அடங்கக் கனையோலோ, நாள்பட வைக்காமல் அன்றாடச் சாப்பாட்டோடு குடிப்பதென்றால், இலேசாக்க வெள்ளைத் திராட்சை மல்வசியா. இந்தக் காலத்துக் கியான்டி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை.

சாப்பாட்டோடு என்று பிரதமரே சொன்னதால் கால் டம்ளருக்கு அனுமதி கிடைத்தது. தக்கை திருகி வீட்டில் இல்லை. மரத்தில் அடிக்கும் திருகாணியைத் தக்கையில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி உள்ளே போனது. காபி வடிகட்டியில் வடித்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். நாவல்பழம் தின்றதுபோல் நாக்கு இழுத்தது. பின்னாலேயே ஒரு புளிப்பு. கத்தரிக்காய் வற்றல்குழம்புக்குப் பாதகமில்லை. மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தொண்ணூறு வேலி வைத்துக்கொண்டு இவ்வளவு புளிப்பா?"

வெளிநாட்டு மருமான்களே, அடுத்த முறை ஆலிவ் எண்ணெய் வாங்கி வாருங்கள். அதையும் பிரோலியோவில் செய்கிறார்கள்; சமையலறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.