பேரு பெருசா இருக்கோணும் கண்ணு

ஏங்கண்ணு, போர்வெல் வண்டி ஓட்டிச் சம்பாரிச்ச காசுல உன்ற அப்பாரு பேர்ல ட்ரஸ்ட்டு ஆரம்பிக்கறயாமா? பாட்டுக்கும் கூத்துக்கும் வாரிக் குடுக்கப் போறயாமா? நல்ல காரியம். விழா நோட்டீசும் பார்த்தேன். ஒரு பக்கம் மந்திரி மொகம், ஒரு பக்கம் உன்ற மொகம், நடுவுல உன்ற மச்சான். கூத்துக்காரன் பேரு எங்கன்னு கண்ணாடி மாட்டித் தேடுனேன். அடியில "மற்றும் கலை நிகழ்ச்சிகள்"னு இருந்துச்சு. அதுவே எச்சு! வேசங் கட்டுனா மூஞ்சியே தெரியாது, அவனுக்கு எதுக்குப் பேரு?

அப்பிச்சி சொல்றதக் கேளு. பொன்னாடை நூறு வாங்கிப் போடு. குளிருக்கும் ஆகாது, கோமணத்துக்கும் ஆகாது, போட்டோவுல மட்டும் மினுக்கும். கேடயமுங் குடு. அவன் வூட்டு அட்டாலியில பழைய கேடயத்துக்குத் தொணையாக் கெடக்கட்டும்.

உனக்கு முந்தியே சில பேரு வெவரங் கெட்டாப்பல குடுத்தாங்க. தஞ்சாவூர்ல ஆபிரகாம் பண்டிதர்னு ஒரு வைத்தியரு. மருந்து வித்த காசு. தோட்டம், பங்களான்னு பொட்டாட்டம் இருந்திருக்கலாமல்ல? 1912-ல சங்கீத வித்யா மகாஜன சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வித்வான்களை வரவழைச்சு, கைக்காசப் போட்டு மாநாடு மாநாடா நடத்துனாரு. 1916-ல பரோடா மாநாட்டுக்கு மகளுகளக் கூட்டிட்டுப் போயி வீணை வாசிக்க வெச்சாரு. மறு வருசம் 'கருணாமிர்த சாகரம்', ஆயிரம் பக்கத்துக்கு மேல. முன்னட்டையில மந்திரி படம் இல்லீங்க, பாவம்!

செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரு சிதம்பரத்துல இசைக் கல்லூரி வெச்சாரு. 1929-ல வந்த பல்கலைக்கழகத்துக்கு இருபது லட்சம் குடுத்தாரு. அன்னைக்கு இருபது லட்சம்! கச்சேரியில தமிழ்ப்பாட்டுன்னா கடைசியில துக்கடாவாப் பாடுன காலம். 1941-ல சிதம்பரத்துல தமிழிசை மாநாடு, 1943-ல மெட்ராசுல தமிழ் இசைச் சங்கம். அவரு காலமானதுக்குப் பொறவு 1952-ல பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். பேரு வெக்காமலா இருந்தாங்க? வெச்சாங்க. ஆனா பேருக்குக் கீழ வாத்தியாரும் படிக்கற புள்ளைகளும் இருந்தாங்க. பொறவு பல்கலைக்கழகம் பண முடையில மாட்டி, 2013-ல சர்க்காரே எடுத்துக்கிச்சு. குடும்பத்துக் கையை உட்டுப் போயும் பாட்டுச் சொல்லித்தர்றது நிக்கலை, பாரு.

நம்மூரு சொசைட்டியில பருத்தி ஏலம் போறப்ப ஏவாரி மூட்டை மேல இருக்கற எழுத்தையா பாக்கறான்? உள்ள கையை உட்டு, பஞ்ச உருவி இழுத்துப் பாக்கறான். உன்ற ட்ரஸ்ட்டையும் ஊரு அப்படித்தான் பாக்கும்.

இன்னொண்ணு. நம்ம கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைய உடுக்கையடிச்சுப் பாடுனதை, 1960-கள்ல பிரெண்டா பெக்குன்னு ஒரு வெளிநாட்டு அம்மணி வந்து, ராத்திரி ராத்திரியா ஒக்காந்து டேப்புல பதிஞ்சு புஸ்தகமாப் போட்டுது. நாம அந்த எடத்துல டீஜே பாக்ஸ் வெச்சோம். காது கேக்காத எனக்கே கேட்டுச்சு, அது ஒரு புண்ணியம்.

செரி, நையாண்டி போதும். மேடைக்கு ஒதுக்குன காசை பேங்குல போட்டு வை. வட்டியில ஒரு கூத்து வாத்தியாருக்கு மாசா மாசம் சம்பளம் குடு. பகல்ல தறி ஓட்டிட்டு ராத்திரி வேசங் கட்டற பசங்க நாலு பேரு அவருகிட்டக் கத்துக்கட்டும். மத்தளத்துக்குத் தோலு, ஆர்மோனியம் ரிப்பேரு, புஜக்கட்டைக்குப் பெயிண்டு, அதுக்கும் கணக்கு எழுது. பத்து வருசம் நிக்காமக் குடுக்கோணும். உன்ற மச்சான் கோவிச்சுக்குவான், கோவிச்சுக்கட்டும்.

நாளைக்கு வாத்தியாரு வூட்டுக்கு நானும் வர்றேன். செக்குப் புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா. போட்டோக்காரனை வூட்டுலயே உட்டுட்டு வா.