மூணு ரூவாய்க்குக் கணக்கு

வாய்யா பேராண்டி, கட்டில்ல உக்காரு. மதுரைப் புத்தகத் திருவிழாவுக்குப் போயிட்டு நேரா வாரயாக்கும்? பை கனக்குதே! ஏழு புத்தகம், ஏழும் வாழ்க்கை வரலாறு. உன் சொந்த வாழ்க்கையில காலையில எட்டரை மணிக்கு முன்னாடி நடக்குறது எதுவும் உனக்குத் தெரியாது, அடுத்தவன் வாழ்க்கைன்னா மட்டும் ஏழு கேக்குது. படி, நல்லாப் படி. ஆனா ஆட்டுச் சந்தைக்குப் போகையில பல்லைப் பிடிச்சுப் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போறீகல்ல, இதுக்கும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புத்தகத்துக்கும் பல்லு உண்டுய்யா.

இந்தா, அட்டையில கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே கம்பெனி முதலாளி, இவரு கதையைத் திண்ணையில உக்காந்து பத்துப் பக்கம் புரட்டுனேன். பெரிய ஆளா வருவோம்னு எட்டு வயசுலயே தெரிஞ்சுபோச்சாம். எட்டு வயசுல எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம், எந்தப் புளியமரத்துக்குக் காவல் இல்லேங்கிறதுதான். தப்புப் பண்ணிட்டேன்னு ஒரே ஒரு இடத்துல ஒத்துக்கிறாரு. என்ன தப்பு? ரொம்ப உழைச்சுட்டாராம். மாட்டுத் தரகனும் இதையேதான்யா சொல்லுவான், ‘காளையில ஒரு குறையும் இல்ல, கொஞ்சம் வேகமாப் போயிரும், அம்புட்டுத்தான்’னு.

நீ திருச்சுழிக்காரன், உன் ஊருக் கதையையே எடுத்துக்க. திருமேனிநாதர் கோவிலை ஒட்டின தெருவுல, சுந்தரமய்யர்னு ஒரு வக்கீல் வீட்டுல, 1879 டிசம்பர் 30ல வேங்கடராமன்னு ஒரு பையன் பொறந்தான். பதினாறு வயசுல, 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மதுரையில சித்தப்பா வீட்டுல இருந்து சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டான். பின்னால ரமண மகரிஷின்னு உலகமே கும்பிட்டுச்சே, அவருதான். அண்ணன் காலேசுச் சம்பளம் கட்டுறதுக்கு அஞ்சு ரூவா குடுத்துவிட்டிருந்தாரு. அதுல மூணை எடுத்துக்கிட்டாரு. எதுக்கு மூணு? பழைய நிலப்படத்தைப் பாத்து, திண்டிவனம் வரைக்கும் டிக்கெட்டுக்கு அம்புட்டுப் போதும்னு கணக்குப் போட்டாரு. மிச்சம் ரெண்டு ரூவாயோட ஒரு சீட்டு. தகப்பனைத் தேடிப் போறேன், தேடுறேன்னு யாரும் காசைச் செலவழிக்க வேண்டாம், உன் சம்பளம் இன்னும் கட்டல, ரெண்டு ரூவா இதோட இருக்கு. இம்புட்டுத்தான் சங்கதி.

இதுல நீ கவனிக்க வேண்டியது எது தெரியுமா? ‘நான்’னு தொடங்குற சீட்டு, ரெண்டு வரி தாண்டுறதுக்குள்ள ‘இது’ன்னு மாறிப்போகும். கடைசியில கையெழுத்துக்குப் பதிலா வெறும் கோடு. ஒரு சின்னச் சீட்டுக்குள்ளயே ‘நான்’ உதுந்துபோச்சுய்யா. உன் முதலாளி புத்தகத்துல பக்கத்துக்கு எத்தனை ‘நான்’னு எண்ணிப் பாரு. கருவேலங்காட்டுல முள்ளை எண்ணலாம், இது முடியாது. அந்தப் பையன் போனது கடவுள்கிட்டயேதான். போற அவசரத்துலயும் அண்ணன் சம்பளக் கணக்கை விடல பாரு. சேலத்து வக்கீலா இருந்து சாமியாரான நரசிம்மசாமி 1931ல ரமணரு வரலாற்றை இங்கிலீசுல எழுதுனாரு. வக்கீலு விசாரிச்சா எப்பிடி இருக்கும்? ரூவா, அணா, ரயிலு எல்லாம் இருக்கும்.

இன்னொரு கிழவரு, உ.வே.சாமிநாதையரு. எண்பத்தஞ்சை நெருங்குற வயசுல, 1940ல ஆனந்த விகடன்ல ‘என் சரித்திர’த்தைத் தொடங்குனாரு. 1942 ஏப்ரல்ல காலமாகும்போது கதை இன்னும் போன நூத்தாண்டைக்கூட முழுசாத் தாண்டல. எழுதத் தொடங்குறதுக்குக் கிழவன் ஆகுற வரைக்கும் பொறுத்தா இதுதான் ஆபத்து. ஆனா பல்லைப் பாரு. 1880ல கும்பகோணம் காலேசுல வாத்தியாரு வேலையில இருக்காரு. சேலம் இராமசாமி முதலியாரு என்னென்ன படிச்சிருக்கீகன்னு கேக்க, அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ்னு இவரு அடுக்குறாரு. அவரு அசரல. இம்புட்டுதானான்னு கேட்டு, சீவகசிந்தாமணி படிச்சிருக்கீகளான்னு போட்டாரு ஒரு போடு. இவரு ஏட்டையே கண்டதில்ல. அந்த அவமானம்தான் பின்னால சிந்தாமணிப் பதிப்பா வந்துச்சு. அதை அறுபது வருஷம் கழிச்சு, மறைக்காம, தானே ஊருக்குச் சொல்றாரு பாரு. உன் முதலாளி இதே கதையை எழுதியிருந்தா, முதலியாரு இவருகிட்ட வந்து பாடம் கேட்டுட்டுப் போனதா இருந்திருக்கும்.

சரி, பழசு வேண்டாம், நம்ம பக்கம் வருவோம். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. பாமா 1992ல ‘கருக்கு’ எழுதுனாங்க. கன்னியாஸ்திரி மடத்துல ஏழு வருஷம் இருந்து வெளியேறுன வருஷம் அது. கருக்குன்னா உனக்கெங்க தெரியும்? பனைமட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பமாட்டம் பல்லு இருக்கும்ல, அது. பிடிக்கத் தெரியாமப் பிடிச்சா ரத்தம்தான். சின்னப் பிள்ளையில தெருவுல ஒரு பெரியவரு பலகாரப் பொட்டலத்தைக் கயித்துல தொங்கவிட்டுத் தூக்கிட்டுப் போறதைப் பாத்து, வேடிக்கையா இருக்குன்னு அண்ணன்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அண்ணன் சிரிக்கல. தொட்டா தீட்டுன்னு அப்பிடிக் கொண்டுபோகச் சொல்லியிருக்குன்னு விளக்கிச் சொல்றாரு. இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் நான் டீக்கடைக்குப் போகல. ஏன்னு கேக்காத. அங்க முன்னாடி எத்தனை விதமா கிளாஸ் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

அவங்க கூடப்பொறந்த அண்ணன் ராஜ் கௌதமன், 2002ல ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதுனாரு. தன் கதையை நாவல்னு பேரு மாத்தி, தன்னையே ஒரு ஓரமா நிக்கவச்சுக் கேலி பண்ணுவாரு. 2024ல போயிட்டாரு. ரெண்டையும் அடுத்தடுத்துப் படி. ஒரே ஊரு, ஒரே வீடு, ஒண்ணு அறுக்கும், ஒண்ணு சிரிக்க வச்சு அறுக்கும். பாகப்பிரிவினையில நம்ம வீட்டு ஆடு எத்தனைன்னு கேட்டா உன் பெரியப்பன் ஒரு கணக்கு, உங்கப்பன் ஒரு கணக்கு சொல்லுவான், ஆட்டைக் கேட்டா வேற சொல்லும். ஒரே ஒரு வரலாற்றை மட்டும் படிச்சுட்டு வந்து பஞ்சாயத்துப் பேசாத.

எம்.ஜி.ஆரா? ‘நான் ஏன் பிறந்தேன்’ நல்லாத்தான் இருக்கும், பசியை நல்லாச் சொல்லுவாரு. ஆனா 1970ல விகடன்ல தொடங்கி 1972ல நின்னுபோச்சு. 1977ல நம்ம அருப்புக்கோட்டையில ஜெயிச்சுத்தான் முதலமைச்சர் ஆனாரு. நமக்கு வேண்டியது தொடங்குறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிருச்சு, என்ன பண்ண? காமராசரு தன் கதையைத் தானே எழுதவே இல்ல. சொல்ல வேண்டியவுக வாயைத் திறக்கல, இந்த முதலாளிக்கு நானூறு பக்கம்.

புதுசு வேணுமா, பையில இல்லாத ஒண்ணைச் சொல்றேன். வேங்கடாசலபதி எழுதுன ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024க்கான சாகித்திய அகாதெமி பரிசு வாங்குனது. கப்பலோட்டியவரைப் பிடிச்சு உள்ள வச்சதும் மார்ச் 13ல திருநெல்வேலித் தெருவுல இறங்குன ஜனத்தைப் பத்தினது. கட்டபொம்மன் படம் மாதிரி வசனம் இருக்காது, தஸ்தாவேசு இருக்கும். கொட்டாவி வந்தா தண்ணியைத் தெளிச்சுக்கிட்டுப் படி.

என்ன, நீங்களும் ஒண்ணு எழுதுங்க தாத்தாங்கிறயா? நோட்டு வாங்கித் தாரயா? வேண்டாம்யா. குண்டாத்துல தண்ணி ஓடுன வருஷம் ஒண்ணு, கிடையில இருந்து காணாமப்போன கிடா ஒண்ணு, ரெண்டையும் எழுதணும். கிடாக்காரன் இன்னும் எதுத்த வீட்டுலதான் இருக்கான்.

நீ எழுது. முதல் அத்தியாயத்துக்கு நானே விசயம் தாரேன். புத்தகத் திருவிழாவுக்குக் கிளம்புன அன்னைக்கு என் டிரங்குப் பெட்டியில ஐநூறு ரூவா குறையுது. அடியில, வேட்டி மடிப்புல, எல்லாம் தேடிட்டேன். ரெண்டு ரூவாயும் இல்ல, சீட்டும் இல்ல.