அஞ்சு பாலம் தாண்டிட்டு வா மாப்ளே

மாப்ளே, குட்டியானைக்கு நாலு டயரும் புதுசாப் போட்டுட்டியாமே. ரொம்ப சந்தோஷம். பின்னாடி ஊளைச் சத்தம் வருதுன்னு டயரை மாத்துன. சத்தம் போவலேன்னு பிரேக் லைனிங்கை மாத்துன. அதுக்கும் மசியலேன்னு எலுமிச்சம்பழமும் பச்சை மொளகாவும் கட்டுன. சத்தம் பின்னாடி, பழம் முன்னாடி! இன்னும் மாத்தாம இருக்கிறது டிரைவர் ஒண்ணுதான். அதை நான் சொல்ல மாட்டேன். அக்கா மவன் ஆச்சே, மனசு நோவும்.

ஆனா ஒண்ணு, டயரை மாத்துறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத சோதனை ஒண்ணு இருந்துச்சு. தார் ரோட்டுலேருந்து சிமெண்டு ரோட்டுக்கு ஏறுறப்ப சத்தம் மாறுச்சுன்னா டயரு. மாறலேன்னா ஆக்சிலு. நீ தினம் ரெண்டு ரோட்டுலயும்தான் போற. பாட்டைப் பெருசா வச்சுக்கிட்டுப் போனா எங்கேருந்து கேக்கும்?

சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னும் தேடாத. தகரப் பெட்டி வண்டி, வலது சக்கரத்துல கத்துறது இடது காதுல கேக்கும். எப்ப வருதுன்னு மட்டும் கேளு. அதுக்குன்னே கட்டி வச்ச மாதிரி நம்ம ஊருல ஒரு ரோடு இருக்கு. தஞ்சாவூருலேருந்து திருவையாத்துக்குப் போ. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா அஞ்சு பாலம். நம்ம தட்டைச் சீமையில ஏத்த எறக்கம் வேணும்னா பாலத்தை வுட்டா வேற கதி இல்ல. பாலம் ஏறுறப்ப ஆக்சிலேட்டரை மிதி, எறங்குறப்ப காலை எடு. மிதிச்சா ஊளை, காலை எடுத்தா அடங்குதுன்னா கிரௌனும் பினியனும், இல்லாட்டி பினியன் பேரிங்கு. மிதிக்கிறப்ப சும்மா இருந்துட்டு காலை எடுத்த ஒடனே கத்துனாலும் சந்தேகம் அந்தப் பினியன் மேலதான். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே சுருதியில பாடுதா, அது வீல் பேரிங்கு. தியாகராஜர் சமாதி இருக்கிற ஊருக்குப் போற ரோடு, அங்க சுருதி சுத்தமாக் கேக்கும்.

வீல் பேரிங்குன்னா எந்தப் பக்கம்னு அடுத்த கேள்வி. வண்டியை வலப்பக்கம் வளைச்சா பாரம் இடது சக்கரத்துல சாயும். அப்ப சத்தம் கூடுச்சுன்னா இடதுதான் குத்தவாளி. வீட்டுக்கு வந்து முன்சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, பின்னாடி ஜாக்கி போட்டு, அடியில ஸ்டாண்டும் வச்சுக்க. சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே பிரேக் தட்டுல விரல் நுனியை வையி. காதுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும், உள்ளே மணலு கெடந்து உருளுற மாதிரி கரகரன்னு இருக்கும்.

கீழவாசல் முக்குல திரும்புறப்ப மட்டும் கத்துனா ஸ்டார் பினியனைப் பாரு. கிளச்சை விட்டதும் டொக்குனா, இல்ல மெதுவாப் போறப்ப கிரீச் கிரீச்சுனா, அது ஜாயிண்ட்டு கிராஸு. சில்லறைச் செலவு. உனக்கு அது பிடிக்காதே, நீ பெரிய கை!

சரி, விஷயத்துக்கு வர்றேன். சாயங்காலமானா வண்டியை வெண்ணாத்துல எறக்கிக் குளிப்பாட்டுறியே, அதைத்தான் நான் கரையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். நாளெல்லாம் பாரம் இழுத்து ஆக்சில் ஹவுசிங்கு கொதிச்சுப் போயிருக்கு. அதைக் கொண்டாந்து அச்சு முழுவுற தண்ணியில நிறுத்துனா உள்ளே இருக்கிற காத்து சட்டுனு சுருங்கும். சுருங்குனா எங்கேயாவது உறிஞ்சணும். மேல பிரீதருன்னு சின்ன மூச்சுக்குழா இருக்கு, அது வழியா ஆத்துத் தண்ணியை உறிஞ்சிக்கும். அதுதான் சேறு அடைச்சுக் கெடக்கேங்குறியா? அப்ப தேஞ்ச ஆயில் சீல் வழியா உறிஞ்சும். அடைச்ச பிரீதர் பகலுல இன்னொரு வேலையும் பண்ணும். சூட்டுல காத்து விரிஞ்சு, வெளியே போவ வழியில்லாம, எண்ணெயை சீல் வழியாத் தள்ளி பிரேக் டிரம்முல கொட்டும். புது லைனிங்கை அவுத்துப் பாரு, எண்ணெயில ஊறிக் கெடந்தா என்னைத் திட்டாத.

போதாக்குறைக்கு ரோட்டுல உளுந்துக் கொடியைப் பரப்பிப் போட்டிருக்காங்க. ஓசியில அடிச்சுக் குடுப்போம்னு நீயும் அது மேலயே ஓட்டுற. கொடி ஜாயிண்ட்டுல சுத்தி, பினியன் சீல் வாயை அறுத்து வச்சிருக்கும். குனிஞ்சு ஒரு தடவை பாத்தியா?

வண்டி நின்ன மறுநாள் காலையில கிரௌன் அடியில இருக்கிற நட்டைத் தளத்து. மொதல்ல தண்ணி ஒழுவி, அப்புறம் எண்ணெய் வெளுத்துப் போயி வந்தா ஆத்துத் தண்ணி உள்ளே போனது உறுதி. ரெண்டு விரலால தேச்சுப் பாரு. மைய்யாட்டம் நைசா இருந்தா பொழைச்சுது. மினுமினுன்னு இரும்புச் சீவல் உறுத்துனா கிரௌனை எறக்கித்தான் ஆவணும். கிரௌனையும் பினியனையும் சோடியா மாத்தச் சொல்லு. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா இன்னும் நல்லா ஊளையிடும். பொழைச்சிருந்தா பிரீதரைக் குத்தி விட்டு, சீலை மாத்தி, 90 நம்பர் கியர் ஆயில், டப்பாவுல ஜிஎல்-5ன்னு போட்டிருக்கிறதா வாங்கி, ஊத்துற ஓட்டையில விரலுக்குத் தட்டுப்படுற மட்டும் ஊத்து. இன்ஜின்லேருந்து எறக்குன கரியெண்ணெயை ஊத்திடாத. நீ ஊத்துவ, அதான் சொல்றேன்.

பாரத்தையும் பாரு. டாடாக்காரன் 2005ல ஏஸை எறக்குனப்ப முக்கா டன்னுன்னு சொல்லித்தான் குடுத்தான். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 18 மூட்டைக்கே 720 கிலோ ஆயிட்டு. நீ 35 ஏத்தி, மேல ரெண்டு ஆளையும் ஒக்கார வச்சுப் போற.

எண்ணெய் மாத்துன கையோட நாளான்னிக்கு வந்துடு. நம்ம களத்துல 54 மூட்டை கெடக்கு. 18, 18ஆ மூணு நடை. வாடகை ஒரு நடைக்குத்தான். மிச்ச ரெண்டு நடையை இந்த வைத்தியத்துக்கு ஃபீஸா வரவு வச்சுக்கிறேன்.