நெல்லைச் சீமையில் தூசு உறிஞ்சியின் பதவி உயர்வு

1901ஆம் ஆண்டில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காப்புரிமை பெற்ற தூசு உறிஞ்சி, அதாவது வாக்குவம் கிளீனர், கம்பளத்தை நம்பிப் பிழைக்கப் பிறந்த கருவி. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்துதான் அது பெயர் வாங்கியது. தாமிரவருணிப் பள்ளத்தாக்கிலோ கம்பளத்துக்கு வேலையில்லை. ஆற்றங்கரைக் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யும் பாய்தான் உண்டு. (இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குத் தங்கள் பாய் போயிற்று என்பது பத்தமடைக்காரர்களின் பெருமை, ஆகவே இவ்வகையில் பாயும் கருவியும் சமம்.) அந்தப் பாயின்மேல் உறிஞ்சியின் வாயை வைத்தால், தூசு கிளம்புமுன் பாயே கிளம்பி வந்து வாயை அடைத்துக்கொள்ள, காற்றுப் புக வழியில்லாத மோட்டார் கீச்சிட, பாயைப் பிடிக்க ஒருவரும் சுவிட்சை அணைக்க ஒருவருமாக வீடே ஓடிவர வேண்டியிருக்கிறது.

ஆயினும் இச்சீமையினர் இருப்பதைவிடப் பெரிய இயந்திரத்தையே நாடுவதற்குக் காரணம் ஆனி, ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து காற்றாலைகளைச் சுற்றிவிடும் அக்காற்று, காலையில் உறிஞ்சி முடித்த தார்சாவை மத்தியானத்துக்குள் பழையபடி ஆக்கிவிடும். காற்றின்மேல் வழக்குப் போட முடியாதாகையால் பழி இயந்திரத்தின்மேல் விழுகிறது.

கடையில் எழும் முதற் கேள்வி, எத்தனை வாட் என்பதே. வாட் என்பது இயந்திரம் தின்னும் மின்சாரத்தின் அளவே தவிர, அது இழுக்கும் தூசின் அளவன்று. பந்தியில் யார் அதிகம் சாப்பிடுகிறார் என்று பார்த்து வேலைக்கு ஆள் எடுப்பதற்கு ஒப்பானது இம்முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வீட்டு உறிஞ்சிகள் 900 வாட்டை எட்டக்கூடாது என வரம்பு கட்டியதை இங்கே எடுத்துச் சொன்னால், பாவம், அங்கே கரண்டுக்கு என்ன கஷ்டமோ என்ற இரக்கமே மிஞ்சும். அடுத்து வருவது ஹெப்பா, அதாவது 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகளிலும் 99.97 விழுக்காட்டைப் பிடித்து நிறுத்தும் மடிப்பு வடிகட்டி. அதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவந்து, எல்லாச் சன்னலையும் திறந்துபோட்ட பட்டாசலில் ஓட்டுவதே மரபு.

விலை உயர உயர இயந்திரத்தின் வேலை குறைவது ஆராயத்தக்கது. புதியது அழுக்காகிவிடக் கூடாது என்பதால் முதலில் வாரியலால் நன்றாகப் பெருக்கி, குப்பையை அள்ளிக் கொட்டிய பின்னரே அது உறையிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்வதே அதன் முதன்மையான கடமை. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் மனம் வருவதில்லை, ஏனெனில் அது நன்றாகத்தான் ஓடுகிறது. குழாயை மறுபுறம் மாட்டினால் காற்றை வெளியே ஊதும் வசதி அதில் உண்டாகையால், ஆடிக் காற்றுக்கும் எட்டாத மச்சுத் தூசைப் பட்டாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்படுகிறது.