ஐம்பத்தைந்து அங்குலப் பெருமை

கடையில் அந்த டிவியில் ஓடியது கிளிகளும் அருவிகளும். ஃபோர்கே-வில் எடுத்து, பென்டிரைவில் போட்டு, நாள் முழுக்கச் சுற்றவிட்ட படம். கிளியின் இறகை எண்ணிவிடலாம். வீட்டுக்கு வந்தபின் ஓடுவதோ கேபிள்காரர் தரும் சாதா சேனல்.

சாதா சேனலின் படம் 720-க்கு 576 புள்ளி. மொத்தம் சுமார் 4 லட்சம். ஃபோர்கே திரை கேட்பது 3840-க்கு 2160. ஏறக்குறைய 83 லட்சம். இருபதில் ஒரு புள்ளியைத்தான் சேனல் தருகிறது. மீதிப் பத்தொன்பதை டிவியே யூகித்து நிரப்பிக்கொள்ளும். பக்கத்து வீட்டு வம்பும் இதே விகிதத்தில்தான் வளர்கிறது.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் இரு ஓரமும் காலி. “இவ்ளோ காசு குடுத்தும் பாதி எடம் சும்மா கெடக்கே!” என்று தாத்தாவுக்குப் பொறுக்காது. ரிமோட்டில் ஒரு பட்டன். படம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, நாகேஷே பயில்வானாகிவிடுகிறார். தாத்தாவுக்குத் திருப்தி.

எச்டி சேனலுக்குத் தனிக் காசு என்றதும் அப்பா கேட்டார்: “அதே மாமியார்தானே? அவ அழறது தெளிவா வேற தெரியணுமா?” கட்டினாலும் பயனில்லை. பாக்ஸிலிருந்து டிவிக்குப் போவது இன்னும் அந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். அதில் எச்டி ஏறாது.

2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த 14 அங்குல இலவச டிவி பரணில் இருக்கிறது. சாதா சேனல் அதில்தான் துல்லியம். ஆனால் ஈஎம்ஐ முடியும்வரை அதைக் கீழே இறக்கும் பேச்சே கிடையாது.