கறிச்சோறு போட்டுக் கடன் வாங்குற ஊர்

பேராண்டி, மெட்ராஸ்லேருந்து நீ கொண்டாந்த யோசனையைக் கேட்டதுலேருந்து எனக்குச் சிரிப்பு அடங்கலைடா. கஷ்டத்துல இருக்கறவன் தன் அழுத மூஞ்சியை செல்போன்ல போட்டா, முன்னபின்ன தெரியாதவங்க பணம் அனுப்புவாங்களாமே! நல்ல ஏற்பாடுதான். இது தெரியாம பேராவூரணிக்காரன் இவ்வளவு காலமா ஆட்டை அறுத்து, ஊருக்கே கறிச்சோறு போட்டுல்ல காசு வாங்கிக்கிட்டிருக்கான்!

ஆடி பொறந்தா ஊரெல்லாம் கல்யாணப் பந்தலைப் பிரிச்சுடுவாங்க. நம்ம பக்கம்தான் பந்தலே களைகட்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடுன்னு ஆவணி வரைக்கும் மொய் விருந்து. மகளைக் கட்டிக் கொடுக்கணும், போர் போடணும், கடனை அடைக்கணும், கையில காசில்லை. உடனே பத்திரிகை அடிக்கிறான். ‘என் நிலைமை மோசம்’னு அதுல ஒரு வரி இருக்குமா? சாப்பிட வாங்கன்னுதான் இருக்கும். தனியா வைக்கத் தெம்பில்லைன்னா நாலஞ்சு பேர் கூட்டாச் சேருவாங்க. சோறு பொது, மொய் எழுதற மேசை மட்டும் ஆளுக்கொண்ணு. சாப்பிட்டவன் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, முன்னால வாங்கினதைத் திருப்பற பழைய நடை இவ்வளவு, புதுசாக் கொடுக்கற புது நடை இவ்வளவுன்னு எழுதிட்டுப் போவான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நாளைக்கு அவன் விருந்து வைக்கிறப்ப இவன் போய்த் திருப்பி எழுதணும், மேல கொஞ்சம் சேர்த்து.

உங்க பேங்க்ல கடன் வாங்கப் போறவன் கேபின் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இங்க கடன் கொடுக்கறவன் இலை முன்னால குனிஞ்சு உட்கார்ந்திருக்கான். வாங்கறவன் நிமிர்ந்து நின்னு, “இன்னும் ரெண்டு துண்டு வைங்கப்பா”ங்கறான். யாரு யாருக்கு உபகாரம் பண்றாங்கன்னு புரியலை, இல்ல? அந்தக் குழப்பத்துலதாண்டா நம்ம மானம் பத்திரமா இருக்கு.

நம்மாளுங்க எல்லாரும் தர்மப்பிரபுன்னு எண்ணிடாதே. பணம் எண்ண மிஷினு, கம்ப்யூட்டர் ரசீது, காவலுக்கு ஆளுன்னு இப்ப அதுலயும் டாம்பீகம் ஏறிப்போச்சு. ஒரு கஷ்டமும் இல்லாதவனும் பந்தல் போடறான். வாங்கின மொய்யைத் திருப்பாம சந்து சந்தா ஒளியறவனும் இருக்கான். அவனுக்குக் கோர்ட்டெல்லாம் எதுக்கு? டீக்கடையிலேயே தீர்ப்பு சொல்லிடுவோம்.

2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் நம்மளைத் தலைகீழாப் புரட்டிப் போட்டுதே, ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்குல தென்னை விழுந்துச்சு. புதுசா நட்டாக் காய்க்க அஞ்சாறு வருஷம். அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய்னு அறிவிச்சுது. பிள்ளையாட்டம் வளர்த்தவன் அதைக் கேட்டுட்டு, “பாவம், அவங்களுக்கும் சேதம் போலிருக்கு”ன்னான். கரண்ட் வர வாரக்கணக்காச்சு. கம்பம் நட வெளியூர்லேருந்து மின்வாரிய ஆளுங்க வந்தாங்க. நம்ம பசங்களும் தோள் கொடுத்துக் கம்பம் தூக்கினாங்க. இருட்டு வீட்டுல சிம்னி வெளிச்சத்துல சோறாக்கி அவங்களுக்குப் போட்டோம். நிவாரணம் கொண்டாந்தவங்களுக்கு, விழுந்து கிடந்த மரத்துலேருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தோம். தண்ணி வரலைன்னு ரோட்டை மறிச்சதும் நாமதான். அது வேற கணக்கு. அரசாங்கத்துக்கிட்ட கேக்கறது பாத்தியதை. அதுக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்ப நீயும் உன் சேக்காளிங்களும் வந்தீங்களே! ஒரு அரிசிப் பையை ஆறு பேர் பிடிச்சுக்கிட்டு, நடுவுல ஒரு கிழவியை நிறுத்தி, “பாட்டி, இங்க பாத்து சிரிங்க”ன்னீங்க. அஞ்சு கிலோ அரிசிக்கு அத்தனை கை எதுக்குன்னுதான் அவ சிரிச்சா. உங்களுக்குப் படம் நல்லா விழுந்துச்சு.

போகட்டும். அடுத்த தடவை எங்கயாவது வெள்ளம் புயல்னு கிளம்பினா, கிழவன் சொல்றதை மனசுல வச்சுக்கோ. கொடுத்துட்டுக் கும்பிடு வருதான்னு நிக்காதே. அந்த வீட்டுல ஒரு சொம்புத் தண்ணியாவது கேட்டு வாங்கிக் குடி. கையில ஒண்ணுமில்லாத நாள்ல கொடுக்கறதுக்குத் தண்ணியாவது இருக்கேன்னு அவங்க மனசு நிமிரும். படம் எடுத்தே ஆகணும்னா உன்னையே எடுத்துக்கோ, விளம்பரம் உனக்குத்தானே வேணும். எப்பவாவது ஒருத்தன் தேடி வந்து ஒரு குலை தேங்காயை வச்சா, “அட, இதெல்லாம் எதுக்கு”ன்னு பெரிய மனுசன் மாதிரி தள்ளாதே, வாங்கிக்கோ. திருப்பிச் செய்ய வழியில்லாமக் கொடுக்கறது உதவி இல்லடா, தலையில குட்டறது.

வர்ற ஆடியில நம்ம வீட்டுலயும் விருந்து. உன் பேருல நோட்டுல பழைய நடை ஒண்ணும் இல்லை, பார்த்துட்டேன். வயிறாரச் சாப்பிட்டுட்டு, புது நடை கொஞ்சம் கனமாவே எழுதிட்டுப் போ.