தொட்ட காய், விட்ட மாவட்டம்

2022-ல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் வந்தபோது, வேட்டி கட்டிய குதிரைமுகப் போட்டிச் சின்னம் 'தம்பி' ஊர் ஊராகக் கும்பிடு போட்டார். பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் பலகை விரித்தார்கள்.

விழாப் போட்டிகளில் முதல் நகர்த்தல் எப்போதும் சிறப்பு விருந்தினருக்குத்தான். சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். போட்டோ எடுத்து முடியும்வரை விடமாட்டார். ஆடுகிறவர் வாய் திறக்கக் கூடாது, வாழ்த்துகிறவர் மூடமாட்டார். கடிகாரம் பிள்ளைகளுக்கு மட்டும்.

தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும், நகர்த்தியதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று நடுவர் கறாராகச் சொன்னால் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாக 2001-ல் பிரித்து, 2002-ல் சேர்த்து, 2007-ல் மறுபடியும் பிரித்தவர்களை எந்த நடுவர் கேட்டார்?